டிக்கெட் வரிசையில் சிவப்புக் குடம்

அந்தப் பச்சை மனுசன் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தான். நகர்கிறானா, நின்ற இடத்திலேயே காலை மட்டும் ஆட்டுகிறானா என்பதுதான் பிடிபடவில்லை. செல்போன் திரைக்குள் ஒரு கோடு. கோட்டின் இந்தக் கோடியில் அவன், அந்தக் கோடியில் சின்னதாக ஒரு மேடைப் படம், மேடைமேல் ஒரு மைக். அதுதான் கோயமுத்தூர் மைதானம், அங்கேதான் அம்சரேகா பாடப்போகிறாள். கோடு முழுக்கப் பச்சையாகிவிட்டால் டிக்கெட் எடுக்க உள்ளே விடுவார்கள். கோகிலவாணி கட்டிலில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால்மேல் பாப்பா தூங்கியது. ஜன்னல் கட்டையில் பால் டம்ளருக்குச் சாய்த்து வைத்த போன், போனிலிருந்து விறைப்பாக இழுத்துக்கொண்டு போகிற சார்ஜர் ஒயர். சிமெண்ட் அட்டை போட்ட இந்த லைன் வீட்டில் டவர் எடுப்பது இந்த ஜன்னல் கட்டை ஒன்றில்தான், அரை முழம் உள்ளே தள்ளினால் போச்சு, வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் போன் அசையக்கூடாது. கால் அசையக்கூடாது, கால் அசைந்தால் பாப்பா எழும், எழுந்தால் முதல் வேலையாகப் போனைப் பிடுங்கும், அதன் விரல் எங்கே பட்டாலும் பச்சை மனுசன் வரிசையை விட்டு வெளியே வந்துவிடுவான். 'இந்தப் பக்கத்தை விட்டுப் போகாதீர்கள், உங்கள் இடம் பத்திரமாக இருக்கிறது' என்று தமிழிலேயே போட்டிருந்தது. அவள் படித்த எட்டாம் வகுப்புக்கு அது போதும். ஆனால் படிக்கும்போதெல்லாம் அந்தப் பத்திரமாக என்கிற வார்த்தையில் மனசு போய் இடித்துக்கொண்டது, முள்ளில் முந்தானை மாட்டியதுபோல. எந்த வரிசையில் அவள் இடம் பத்திரமாக இருந்திருக்கிறது?

ஜன்னலுக்கு வெளியே, சந்தின் கோடியில் குழாயடி. இன்றைக்கு நல்ல தண்ணீர் விடுகிற நாள். குடங்கள் காலையிலேயே வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன, இன்னும் தண்ணீரைக் காணோம். ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும், அதுதான் இந்தச் சந்தின் சட்டம். ஆனால் குடத்துக்கு ஒரு வாய் வேண்டும். தண்ணீர் வந்ததும் ஜோதிமணி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாய்ப்பக்கம் நின்றுகொள்வாள், ஒவ்வொரு குடமாகக் காலால் தட்டி, 'இது ஆருது?' என்பாள். குடத்துக்காரி உடனே 'என்னுது' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் குடம் குழாய்க்குப் போகும். சொல்லாவிட்டால் ஓரமாகப் போகும், ஓரம் போன குடம் மறுபடி கடைசியிலிருந்து வர வேண்டும். ஆளுக்கு ஒரு குடம்தான், ஒருத்திக்கு இன்னொருத்தி வாய் கொடுக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் கோகிலவாணியின் சிவப்புப் பிளாஸ்டிக் குடத்தை ஜோதிமணி அக்கா தட்டி, 'இந்தச் செவப்பு ஆருது?' என்றபோது அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவும் செய்தாள். காற்றுதான் வந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று காதுமடல் சுட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அந்த ஒரு வார்த்தை தொண்டைக் குழியில் வந்து உட்கார்ந்துகொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சிவப்புக் குடம் ஓரம் போயிற்று. அப்புறம் யாரோ சொல்லித் தெரிந்து, 'பேரப் பாரு, கோகிலவாணியாமா! குயிலுக்குத் தொண்டையில பஞ்சடைச்சு உட்டாப்பல' என்று ஜோதிமணி அக்கா சொல்ல, குழாயடியே சிரித்தது. அவளும் கூடவே சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் பார்ப்பார்களே. அன்றிலிருந்து இன்றுவரை சிவப்புக் குடம் ஓரம் போவதும் கடைசியில் வருவதும், சில நாள் அதற்குள் தண்ணீர் நின்றுபோவதும். இன்றைக்கும் அத்தை, அவள் மாமியார் கருப்பாத்தாள், தன் எவர்சில்வர் குடத்தோடு இந்தச் சிவப்பையும் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். 'வெச்சு வெக்கறேன் அம்மிணி. உன்ற பொறப்புக்கு ஒருநா வாயத் தொறக்காமயா போயிருவே?' என்று போகும்போது சொன்னாள். திட்டுகிறாளா ஆசைப்படுகிறாளா என்று அத்தை பேச்சில் கண்டுபிடிக்கவே முடியாது.

பச்சை மனுசன். நகர்ந்திருக்கிறான். இல்லையா? பாப்பாவின் காதுக்கு நேராகப் பார்த்தால் முன்னே கோட்டின் முனை அந்த மச்சத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது, இப்போது மச்சத்தைத் தாண்டியிருக்கிறது. பாப்பாவுக்கு இடது காதுக்குப் பின்னால் கடுகு மாதிரி ஒரு மச்சம். ஆஸ்பத்திரியில் அதை முதலில் கண்டுபிடித்தது அத்தைதான், பெற்றவள் மயக்கத்தில் கிடந்தாள். இல்லை, பாப்பா தலையைத் திருப்பியிருக்கும், மனுசன் அங்கேயேதான் இருப்பான். தொட்டுப் பார்க்கலாமா? மேலே அந்த வளைந்த அம்புக்குறி, அதை அழுத்தினால் புதிதாக வரும், புதிதாக வந்தால் ஒருவேளை முன்னால் போயிருப்பதாகக் காட்டும். விரல் தானாகவே எழுந்துவிட்டது. எழுந்த விரலை மறு கையால் பிடித்து மடக்கி, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தொடாதே. குழாயடியில் பார்த்ததில்லையா? குடத்தில் தூசி விழுந்துவிட்டது, ஒரு அலசு அலசிவிட்டு வைக்கிறேன் என்று எடுக்கிறவள் இடம் அந்த நொடியிலேயே மூடிக்கொள்ளும், தண்ணீருக்குள் வைத்த கையை எடுத்தாற்போல. எடுத்தவள் எவ்வளவு சண்டை போட்டாலும் சரி, எடுத்த குடம் எடுத்ததுதான். அலசாத குடம்தான் முதலில் நிறையும். கச்சேரி டிக்கெட்டைப் பற்றி ஒரு பெண் வீடியோவில் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள், திறப்பதற்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள், பேர், நம்பர், விலாசம் எல்லாம் முன்கூட்டியே போட்டு வையுங்கள், ஒரே போனில் ஒரே பக்கத்தில் நில்லுங்கள், நாலு பக்கம் திறந்தால் உங்களைத் திருடன் என்று நினைத்து நாலையும் தள்ளிவிடும், எந்தப் பகுதி வேண்டும் என்று முதலிலேயே முடிவுபண்ணிவிடுங்கள், உள்ளே போய் யோசித்தால் யோசிக்கிற நேரத்தில் இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், முன்வரிசைக்கு ஆசைப்பட்டுக் கையில் கிடைத்ததை விடாதீர்கள், கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியில் எவனாவது கைமாற்றித் தருகிறேன் என்றால் காது கொடுக்காதீர்கள். கோகிலவாணி அதைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் போட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குள் ஒரு ஆச்சரியம் சுரந்தது, ஊற்றுக்கண் திறந்தாற்போல. இந்த வரிசையில் வாய் வேண்டாமே! யாரும் 'ஆருது?' என்று கேட்கப்போவதில்லையே! பேசாமல், அசையாமல், இருக்கிற இடத்தில் இருந்தால் போதுமென்றால், அதைவிட அவளுக்குத் தெரிந்த வேலை உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

கால் மரத்துப்போயிற்று. இடுப்புக்குக் கீழே யாரோ மணல் மூட்டையைக் கட்டிவிட்டாற்போல. பரவாயில்லை. பனியன் கம்பெனியில் நின்ற காலம் இதைவிட மோசம். கல்யாணத்துக்கு முன்னால், பாப்பா வயிற்றில் வந்த பிறகும்கூடக் கொஞ்ச காலம், அங்கே கைமடிக்கிற வேலைக்குப் போனாள். தைத்து வருகிற பனியனை உதறி, மடித்து, அடுக்க வேண்டும். மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவதும் கேட்காது, அது ஒன்றுதான் அவளுக்கு அங்கே பிடித்திருந்தது, பேசாதவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சுவரில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவார்கள். எல்லாப் பாட்டையும் மிஷின் தின்றுவிடும். அம்சரேகா பாட்டை மட்டும் தின்ன முடியாது. அத்தனை மிஷினுக்கும் மேலே, கரும்பைக் கடித்தாற்போல நெறுநெறுவென்று, ஒளிவு மறைவு இல்லாமல் அந்தக் குரல் வரும். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. பயமே இல்லாத குரல். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும், இதோ கத்தப்போகிறேன், எவன் என்ன சொல்கிறானோ சொல்லட்டும் என்று இழுக்கிற மாதிரி. அந்த இழுப்பு வரும்போது கோகிலவாணியும் பனியனைப் பிடித்தபடி மூச்சை இழுப்பாள், உள்ளே நிறைய நிறைய இழுத்து, சத்தமில்லாமல் விட்டுவிடுவாள். ஒரு பொம்பளைக்கு வாய் இவ்வளவு அகலமாகத் திறக்குமா? திறக்கும்போது முகம் எப்படி இருக்கும்? கழுத்து நரம்பு புடைக்குமா? கண்ணை மூடிக்கொள்வாளா? படத்தில் பார்த்தால் தெரியவில்லை, படத்தில் எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை, வீட்டுக்காரர் பூபதியிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான், அதுவும் இருட்டில், அவர் முதுகைப் பார்த்து. 'ஏனுங், அந்த அம்சரேகா கச்சேரிக்கு...' என்று பாதியில் நிறுத்திவிட்டாள். 'அட, அதுக்கென்ன கோகி, போயிட்டாப் போவுது' என்றார் அவர்.

போன வருசம் போயிருக்க வேண்டியது. நினைக்காதே என்றால் மனசு அங்கேதான் போய் நிற்கிறது, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி. அப்போது டிக்கெட்டை ஒரு கடையில் வைத்துக் கொடுத்தார்கள், பூபதிக்கு லீவு இல்லை, வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவளேதான் போய் நின்றாள். வெயில். முன்னால் இருக்கிறவர்களின் சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. வயிற்றுக்குள் பாப்பா உதைத்துக்கொண்டே இருந்தது. இதோ வந்துவிட்டது, இதோ என்று நகர்ந்து நகர்ந்து கண்ணாடிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். உள்ளே இருந்த பையன் தலையைத் தூக்காமல், 'அடுத்தது ஆரு?' என்றான். நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள், அதைப் பார்த்தால் தெரியாதா என்று. அவன் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே ஒரு ரோமக் கை நீண்டது. 'தம்பி, எனக்கு அஞ்சு!' பின்னால் நின்ற ஆளின் குரல், பீடி நாற்றம், காதோரம் சூடான மூச்சு. அவனுக்குக் கொடுத்ததோடு டிக்கெட் தீர்ந்தது என்று பலகையைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். யாரும் அவளைத் தள்ளவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, அவள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்று பொழுது சாய பூபதி பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார். 'உட்ரு கோகி, கச்சேரி எங்க போயிரப்போவுது' என்று பிய்த்துப் பிய்த்துப் போட்டார், சால்னாவை ஊற்றினார். நல்ல மனுசன்தான். ஆனால் இழந்ததையெல்லாம் பரோட்டாவால் மூடிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த எண்ணெய் வாசனை இன்றுவரைக்கும் அவளுக்குத் தோற்ற வாசனை.

போன் அதிர்ந்தது. உடம்பே தூக்கிப் போட்டது. பூபதிதான், கம்பெனியிலிருந்து. பச்சை மனுசனை மறைத்துக்கொண்டு அவர் போட்டோ, ஊர்த் திருவிழா நோம்பிக்கு எடுத்தது, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு. எடுத்தால் நெட் நின்றுவிடும், இந்தப் போனுக்கு அந்தப் புத்தி உண்டு, பேச்சு வந்தால் மற்றதையெல்லாம் மறந்துவிடும். எடுக்காவிட்டால்? கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் கூப்பிட்டு அவள் எடுக்காமல் இருந்ததில்லை. அதிர்வில் போன் டம்ளரிலிருந்து நழுவப் பார்த்தது. சிவப்பு வட்டத்தில் விரலை வைத்து இழுத்துவிட்டாள். வெட்டியாயிற்று. புருசன் போனை வெட்டியாயிற்று! எங்கேயோ உள்ளுக்குள் கிச்சுக்கிச்சு மூட்டினாற்போல ஒரு சிரிப்பு வந்தது. பச்சை மனுசன் பத்திரமாகத்தான் இருந்தான். கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு பட்டையாக அவர் எழுதியது வந்து நின்றது. 'நாங்க ஏழெட்டுப் பேரு டிக்கெட்டுக்குப் போட்டம் கோகி. நகரவே மாட்டேங்குதுன்னு எல்லாரும் அமுக்கி அமுக்கிப் பாத்தம். அத்தன பேரையும் கடைசியில தூக்கிப் போட்டுட்டான். நீயும் உட்ரு. பரோட்டா வாங்கியாறேன்.' பட்டை தானாகவே மேலே போய் மறைந்தது. அந்த வாசனை வந்துவிட்டது, பரோட்டா வரும் முன்னாலேயே மூக்குக்குள் வந்துவிட்டது. அவ்வளவு பேரும் போனார்கள் என்றால் அவள் எம்மாத்திரம்? இல்லை, இல்லை, அவர்கள் குடத்தை எடுத்து அலசியவர்கள். நீ எடுக்கவில்லை. நீ எடுக்கவில்லை. கோடு முக்கால்வாசிக்கு மேலே பச்சையாக இருக்கிறது, பாப்பாவின் காதை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வெளியே குழாய் 'கர்ர்' என்று காற்றைக் கக்கியது, பெண்கள் சத்தம் கூடியது, தண்ணீர் வரப்போகிறது. 'தள்ளுங்கடி அக்கட்டால' என்று ஜோதிமணி அக்கா. கோட்டின் கடைசிக் கடுகளவு. வந்துவிட்டானா? மனுசன் மேடைமேல் ஏறிவிட்டான். திரை வெள்ளையாகிப்போயிற்று. ஐயோ, போச்சா? போகவில்லை, திறந்திருக்கிறது.

மைதானத்தை மேலேயிருந்து பார்த்தாற்போல ஒரு படம், பகுதிக்கு ஒரு நிறம், பாதிக்கு மேல் சாம்பலாகியிருந்தது. சாம்பல் என்றால் தீர்ந்துபோனது. முன்பகுதியில் ஒரு மூலை இன்னும் மஞ்சளாக மின்னியது. முன்னால் உட்கார்ந்தால் கழுத்து நரம்புகூடத் தெரியுமே! ஒரு நொடி ஆசை இழுத்தது. ஆசைப்பட்டுக் கையில் கிடைத்ததை விடாதே. நடுப்பகுதி, இடது பக்கம், முடிவு பண்ணியது பண்ணியதுதான். நீல நிறத்தைத் தொட்டாள். இரண்டு என்று போட்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு, பாப்பாவை அத்தை பார்த்துக்கொள்வாள், அதை அத்தையே சொல்லிவிட்டாள், 'போயி அந்தக் கத்தறவளப் பாத்துட்டு வா' என்று. அந்த மஞ்சள் மூலை அதற்குள் சாம்பலாகிப்போனதைப் பார்த்தாள், உடம்பு சிலிர்த்தது. கார்டு ரவிக்கைக்குள் இருந்தது, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக. கம்பெனிச் சம்பளம் போட ஆரம்பித்த கணக்கு, அவள் பேரில் இருக்கிற ஒரே கணக்கு. நம்பரை ஒவ்வொன்றாகப் போட்டாள், திரும்பச் சரி பார்த்தாள். அழுத்தினாள். 'உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்.' கீழே நேரம் இறங்க ஆரம்பித்தது. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், பட்டை வரும் வரும் என்று. வரவில்லை. வரவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணக்குக்குக் கொடுத்த நம்பர் இந்தப் போன் இல்லை. கம்பெனிக்குப் போன காலத்துப் பட்டன் போன். அது இப்போது அத்தையிடம். அத்தையின் இடுப்புச் சுருக்குப் பையில். குழாயடியில்.

எல்லாம் யோசித்தாளே! சார்ஜர், பால் டம்ளர், கார்டு, பகுதி, பாப்பாவுக்கு வயிறு நிறையப் பால், எல்லாம் யோசித்தவள் அத்தை இடுப்பை யோசிக்கவில்லையே! எழுந்து ஓடலாமா? கால் கட்டைபோலக் கிடக்கிறது, எழுந்தால் விழுவாள், பாப்பாவோடு விழுவாள். போனை எடுத்துக்கொண்டு ஓடினால் டவர் போகும், போட்டுவிட்டு ஓடினால் திரும்பி வருவதற்குள் நேரம் தீரும். நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பி வழியே பார்த்தாள். சந்தின் கோடியில், வெயிலில், அத்தையின் நரைத்த கொண்டை. ஐந்தாறு வாசல் தூரம். ஒரு குரல் தூரம். ஒரே ஒரு குரல். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, அதே இடத்தில், அது அதற்கென்று வைத்திருக்கிற இடத்தில். தோளுக்கு மேலே அந்த ரோமக் கை நீளுகிறது, அடுத்தது ஆரு, இது ஆருது, பஞ்சடைச்ச குயிலு, எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும், நடுப்பகுதி இடது பக்கம், கையில் வந்தது, கையிலேயே வந்துவிட்டது, பரோட்டா, எண்ணெய், வேண்டாம், இந்தத் தடவை வேண்டாம். கோகிலவாணி மூச்சை இழுத்தாள். பனியனைப் பிடித்துக்கொண்டு இழுப்பாளே, அந்த மாதிரி, விலா எலும்பு விரிய விரிய இழுத்தாள். இந்தத் தடவை அதைச் சும்மா விடவில்லை.

"அத்தேய்!"

யாரோ கத்துகிறார்கள் என்று அவளுக்கே திடுக்கென்றது. சிமெண்ட் அட்டையில் மோதி அது திரும்பி வந்தது. குழாயடியில் தலைகள் திரும்பின.

"அத்தே! போனுல ஒரு நம்பரு வந்திருக்கும்! படீங்! சீக்கிரம் படீங்!"

"ஏனக்கா, உன்ற ஊட்டுச் சன்னல்ல இருந்து ஆரோ கூப்புடறாங்க பாரு" என்றாள் ஜோதிமணி அக்கா.

கருப்பாத்தாள் நெற்றியில் கையை வைத்து வெயிலுக்கு மறைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்குள் இருட்டு, கம்பிக்குப் பின்னால் முகம் தெரியாது. "என்ற ஊட்டுல எவ கத்துவா? என்ற மருமவ கத்த மாட்டாளே!" என்றாள், சட்டென்று சுருக்குப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "இது அந்தத் திருட்டுக் கும்பலுதாண்டி! ஓடிபி நம்பரு ஆருக்கும் சொல்லாதீங்கன்னு போலீசுக்காரங்க மைக் வெச்சுச் சொன்னாங்கல்ல? இப்ப ஊட்டுக்குள்ளயே பூந்து கேக்கறாங்க! ஆருடி அவ?"

நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டின.

"நாந்தானுங் அத்தே!"

"நாந்தான்னா ஆரு? ஓடிபி கேக்கறவ எல்லாம் நாந்தான்னுதான் சொல்லுவா!"

நான்தான். சொல்லியாயிற்று, போதவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத் தன் வாயால் உரக்கச் சொன்ன ஞாபகமே அவளுக்கு இல்லை, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கோகிலவாணி! உங்க மருமவ கோகிலவாணி!"

குழாயடியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

"அட, அந்தப் புள்ளதாண்டி!" என்றாள் ஜோதிமணி அக்கா. குரலில் கேலி இல்லை, வாய் பிளந்த சத்தம்தான். "ஏ கருப்பாத்தாக்கா, சொல்லித் தொல!"

கருப்பாத்தாள் லேசில் விடுகிறவளா. "அப்படின்னா சொல்லு பாக்கலாம். என்ற பேத்திக்கு மச்சம் எங்கிருக்குது?"

"எடது காதுக்குப் பொறத்தாலீங்! கடுகாட்ட! நீங்கதான மொதல்ல பாத்தீங்க!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி குடத்தைத் தட்டித் தாளம் போட்டாள். அத்தை சுருக்குப் பையை அவிழ்த்தாள், எவ்வளவு நிதானமாக அவிழ்க்கிறாள், போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள், தூர வைத்தாள். எழுத்துத் தெரியாது, பஸ் நம்பர் பார்த்துப் பழகிய எண் மட்டும் தெரியும். முதல் எண்ணைக் கத்தினாள். பாதி தூரத்தில் காற்று அதைத் தின்றுவிட்டது. உடனே ஜோதிமணி அக்கா அதை வாங்கி இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள், அவளைப் பார்த்து அடுத்தவளும், அடுத்தவளும். அடுத்த எண். அதற்கடுத்த எண். அத்தை ஒன்று சொல்ல, குழாயடியே சேர்ந்து கத்தியது, கோயிலில் கூட்டமாகச் சரணம் சொல்வதுபோல. யாரிடமும் சொல்லக் கூடாத நம்பரைச் சந்தே சொல்லிற்று. கோகிலவாணியின் விரல் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தது. கடைசி எண்ணைப் போட்டு அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. பாப்பா எப்போதோ விழித்திருக்க வேண்டும், அழவில்லை, போனைப் பிடுங்கவும் இல்லை. கண்ணை அகல விரித்துத் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்கிற மாதிரி.

வட்டம் நின்றது. ஒரு பச்சைச் சரி குறி. அதற்குக் கீழே இரண்டு டிக்கெட், நடுப்பகுதி, இடது பக்கம், பேர் கோகிலவாணி. தன் பேரை அவள் மூன்று தரம் படித்தாள். மரத்துப்போன காலில் ரத்தம் ஓட ஆரம்பித்து எறும்பு எறும்பாகக் கடித்தது, கடிக்கட்டும், என்ன சுகமான கடி. பாப்பாவைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள், அது கையை அவள் தொண்டைமேல் வைத்து அழுத்திப் பார்த்தது, பொம்மைக்குள் மணி எங்கே இருக்கிறதென்று தேடுவதுபோல. கோயமுத்தூர் மேடையில் அந்த அம்சரேகா மூச்சை இழுக்கும்போது இனிமேல் அவளுக்குத் தெரியும், விலா எப்படி விரியும், தொண்டைக்குள் எந்த இடம் சுடும், கண்ணை மூடுகிறோமா இல்லையா. மூடுவதில்லை. அவள் மூடவில்லை. எதிரே வெயிலில் நிற்கிற அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டேதான் கத்தினாள். பூபதிக்கு ஒரு விரலால் எழுதினாள். 'டிக்கெட் எடுத்தாச்சுங். பரோட்டாவும் வாங்கியாங்க.' எழுதிவிட்டுப் பார்த்தால் பரோட்டா வாசனை மூக்கில் வந்தது, பசித்தது, நல்ல பசி. வெளியே குழாய் இருமி, செருமி, ஒரேயடியாகக் கொட்ட ஆரம்பித்தது. வெறுங்குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். 'கெடைச்சுதா அம்மிணி?' என்று அத்தை அங்கிருந்தே கேட்டாள். 'கெடைச்சுதுங்!' என்றாள் இவள், இப்போது கத்த வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் கத்தினாள், இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்க்கிற ஆசை. இருந்தது. 'உன்ற மருமவ வாயில இத்தாப்பெரிய லவுடுஸ்பீக்கர வெச்சுட்டு இத்தன நாளு பஞ்சடைச்சு வெச்சிருந்திருக்கா பாரு' என்று ஜோதிமணி அக்கா சொல்ல, குழாயடி சிரித்தது, ஜன்னலுக்குள் இவளும் சிரித்தாள். குடங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. நீலம் போயிற்று. அத்தையின் எவர்சில்வர் போயிற்று. ஜோதிமணி அக்கா அடுத்ததைக் காலால் தட்டினாள், பழக்கத்தில் ஓரமாகத் தள்ளுவதற்குக் குனிந்தும்விட்டாள். "இந்தச் செவப்பு ஆருது?"

"என்னுது!"

சந்து முழுக்கக் கேட்டது. குனிந்த கை குடத்தைத் தூக்கிக் குழாய்க்குக் கீழே வைத்தது.